பஸ் ஸ்டாப் மாநகராட்சிக்கு, பஸ் அரசுக்கு: ஏறிய வீட்டு வரிக்கு எதைக் கேட்பது?

சென்னையில் எங்கள் பகுதி சபைக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில் நடந்தது. கவுன்சிலர் வந்து உட்கார்ந்ததும் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் எழுந்தார். "வரியை ஏத்தினீங்க, சரி. அந்தக் காசுக்கு ராத்திரி தெருவுக்குள்ள ஒரு போலீஸ் வண்டி வந்துட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டார். ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் மெட்ரோவை நம் பக்கம் நீட்டச் சொல்லித் தீர்மானம் போடலாம் என்றார். குடியிருப்போர் சங்கச் செயலாளர், வீட்டுக்கு 500 ரூபாய் போட்டால் நாமே கேமரா மாட்டிவிடலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்றார். கடைசி வரிசையில், நான்கு வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் அக்கா மெதுவாகச் சொன்னார்: "எட்டரைக்கு மேல இன்னும் ஒரு நடை பஸ் விட்டாலே போதும் சார். அப்புறம் அந்த ஸ்டாப்பாண்ட ஒரு லைட்டு."

கவுன்சிலர் எல்லாவற்றையும் ஒரே நோட்டில், ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பக்கத்தில் இருந்தவற்றில் மாநகராட்சிப் பணத்தில் நேரடியாக நடக்கக்கூடியது ஒன்றே ஒன்று: லைட்டு. மற்றதெல்லாம் வேறு வேறு பைகளில் இருக்கும் பணம். எது எந்தப் பை என்று தெரியாமல் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது. கூட்டம் முடிந்து வந்து, இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் வரி. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 1998-க்குப் பிறகு சொத்து வரி திருத்தப்படாமலே கிடந்தது. 2018-இல் அ.தி.மு.க. அரசு ஏற்றியது, எதிர்ப்பு கிளம்பவே 2019-இல் நிறுத்திவைத்தது. 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. ஆறே வாரத்தில் தி.மு.க. அரசு புதிய விகிதத்தை அறிவித்தது. பழைய சென்னையில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் உயர்வு. 2011-இல் மாநகராட்சியோடு சேர்த்த பகுதிகளுக்கு ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் குறைவு. சொத்து வரியை உயர்த்தாத ஊர்களுக்கு மானியம் கிடையாது என்று, வரிப் பணத்தைப் பங்கிட மத்தியில் அமைத்த 15-வது நிதிக்குழு வைத்த நிபந்தனையை அரசு காரணமாகக் காட்டியது. அது உண்மைதான். இருபத்து நான்கு ஆண்டு சும்மா விட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றினால் யாருக்கும் வலிக்கும் என்பதும் உண்மைதான்.

ஆனால் வலி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் நிதானம் வரும். 900 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 1,500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவர் 75 சதவீத உயர்வில் 2,625 கட்டுவார். கூடுதல் 1,125. மாதத்துக்குப் பிரித்தால் 187 ரூபாய் 50 காசு. மாநகராட்சிக்கு சொத்து வரியாக மொத்தம் சேருவது இப்போது ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாய்க்கு மேல். பெரிய தொகை மாதிரித் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மெட்ரோவுக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது பைகள். 1992-இன் 74-வது திருத்தம் நகராட்சிகளுக்கு எந்தெந்த வேலைகளைக் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பில் 12-வது அட்டவணையைச் சேர்த்தது. மொத்தம் 18 வேலைகள். அதில் சாலை, குடிநீர், குப்பை, சுடுகாடு எல்லாம் உண்டு. 17-வது இனத்தில் தெருவிளக்கு, வாகன நிறுத்தம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பறை. பேருந்து நிறுத்தம் இருக்கிறது, பேருந்து இல்லை! நிழற்குடை கட்டுவது மாநகராட்சி. அதன் கீழே வந்து நிற்கும் பஸ் மாநில அரசின் மாநகரப் போக்குவரத்துக் கழகமான எம்.டி.சி. உடையது. நிற்பவருக்குப் பாதுகாப்பு கொடுக்கும் போலீஸும் மாநில அரசுதான், ஏனென்றால் காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சென்னை மேயர் ஒரு ரோந்து வண்டியைக்கூட இந்தத் தெருவுக்குப் போ என்று அனுப்ப முடியாது.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி. டெக்சஸின் ஆஸ்டின் நகரத்தில் போலீஸ் சம்பளமும் சொத்து வரியும் ஒரே நகர மன்ற மேசைக்கு வருகின்றன. 2020-இல் போலீஸ்காரர் கையில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு அந்த மன்றம் போலீஸ் பட்ஜெட்டில் சுமார் 15 கோடி டாலரை வெட்டவோ வேறு துறைகளுக்கு மாற்றவோ முடிவெடுத்தது. அதே ஆண்டு நவம்பரில், ரயிலுக்கும் பஸ்ஸுக்குமாகத் தங்கள் சொத்து வரியை ஏற்றிக்கொள்ள மக்களே வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே, போலீஸ் பட்ஜெட்டைக் குறைக்கும் பெருநகரங்களைத் தண்டிக்க மாநில அரசு சட்டம் போட்டது, பட்ஜெட் பழைய நிலைக்குத் திரும்பியது. ரயில் பாதையும் விலைவாசியில் சுருங்கி, 2023-இல் முதல் கட்டம் 10 மைலுக்கும் கீழே வந்து நின்றது. அங்கே நடந்தது சரியா தவறா என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே சண்டை போடவாவது ஒரு மேசை இருந்தது. நமக்கு அந்த மேசை கோட்டையில் இருக்கிறது, வரிச் சீட்டு மட்டும் வீட்டுக்கு வருகிறது.

சரி, செயலாளரின் கேமரா. இது புதிய யோசனை இல்லை. 2017-லிருந்து சில ஆண்டுகள் சென்னைக் காவல்துறையே 'மூன்றாவது கண்' என்று கடைக்காரர்களையும் குடியிருப்போரையும் சொந்தச் செலவில் கேமரா மாட்டச் சொல்லி ஊர் முழுக்கப் பிரசாரம் செய்தது. பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் 'பாதுகாப்பான நகரம்' திட்டத்தின் கீழும் கேமராக்கள் வந்தன, எம்.டி.சி. பஸ்களுக்குள்ளும் கேமராவும் அவசரப் பொத்தானும் வந்தன. பைக் திருட்டையும் செயின் பறிப்பையும் துப்புத் துலக்க இவை உதவுகின்றன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் கேமராவின் வேலை சம்பவம் நடந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. இருட்டில் நடந்து வரும் பெண்ணுக்கு அது துணை இல்லை. இன்னொன்று, மாட்டுகிற அன்று எல்லாரும் 500 கொடுப்பார்கள். மூன்றாம் ஆண்டு வட்டு நிறைந்து, ஒயரை அணில் கடித்து, பராமரிப்புக்கு மறுபடி வசூல் என்றால் எத்தனை கதவு திறக்கும்? சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

வங்கிக்காரர் கேட்ட ரோந்துக்கு மாநில பட்ஜெட்தான் வழி. அங்கே காவல்துறை ஏழை இல்லை. 2022-23 பட்ஜெட்டில் காவல்துறைக்கு 10,285 கோடி ரூபாய், போக்குவரத்துத் துறைக்கு 5,375 கோடி. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. மாநிலம் முழுவதற்குமான கணக்கு இது, பெரும்பகுதி சம்பளத்துக்கே போகும். ரோந்து வேண்டுமென்றால் வரியைப் பற்றிப் பேசிப் பயனில்லை, காவல் நிலையத்தில் ஆய்வாளரைப் பார்த்து மனு கொடுக்க வேண்டும். அது பணத்தை விட ஆள் பலத்தைப் பொறுத்த விஷயம்.

மெட்ரோவைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் நம் கூட்டம் அதில் எதையும் முடிவு செய்யப் போவதில்லை. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மேலே போவதும் பூமிக்குள் போவதும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கிலோமீட்டருக்கு 532 கோடி. முன்னே சொன்ன 1,500 கோடி சொத்து வரியை ஒரு பைசா விடாமல் இதில் கொட்டினாலும் ஆண்டுக்கு மூன்று கிலோமீட்டர் வராது. அதனால்தான் இது ஜப்பான் கடனிலும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனிலும் நடக்கிறது. 2024 முழுக்க மெட்ரோவில் ஏறியவர்கள் சுமார் 10.5 கோடிப் பேர், அதாவது நாளுக்கு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. எம்.டி.சி. பஸ்ஸில் ஏறுபவர்கள் அதைப் போலப் பத்து மடங்கு. மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அண்ணா சாலையில் நெரிசல் நேரத்தில் எத்தனை பஸ் விட்டாலும் அது செய்கிற வேலையைச் செய்ய முடியாது. ஆனால் மெட்ரோ நிலையத்தில் இறங்கியவரும் வீட்டுக்குப் போக ஒரு பஸ்ஸையோ வெளிச்சமான நடைபாதையையோதான் தேடுவார்.

பஸ்ஸுக்கு வருவோம், நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இப்போது வந்திருக்கும் மின்சார தாழ்தள பஸ்கள் 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 வண்டிகளோடு ஓட ஆரம்பித்தன. வண்டி தனியாருடையது, ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் வாடகை கொடுக்கும். ஏ.சி. இல்லாத வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 77 ரூபாய்ச் சொச்சம் என்று செய்திகளில் வந்தது. இதை வைத்து அந்த அக்காவின் ஒரு நடையைக் கணக்குப் போட்டேன். போக 15, வர 15, மொத்தம் 30 கிலோமீட்டர். நாளுக்கு 2,310 ரூபாய். மாதத்துக்கு 69,300. எங்கள் சங்கத்தில் 140 வீடு. வீட்டுக்கு 500 என்றால் கேமரா வசூல் 70,000. அதாவது செயலாளர் ஒருமுறை கேட்கும் அதே பணத்துக்கு, ஒரு மாதம் முழுக்க ராத்திரி ஒரு நடை பஸ் ஓடும். நடத்துநர் சம்பளமும் பணிமனைச் செலவும் இதில் சேரவில்லை, டிக்கெட் வரவும் சேரவில்லை. நாமே காசு போட்டு பஸ் விட முடியாது என்பதும் தெரியும். இருந்தாலும் எதற்கு எவ்வளவு ஆகும் என்று மனதில் ஒரு அளவு கிடைக்கிறது இல்லையா?

இந்தப் பணத்தை யார் கொடுப்பது என்பதற்கு மூன்று வழி பேசப்படுகிறது.

ஒன்று, ஏறுகிறவர் கொடுக்கட்டும் என்பது. 2018 ஜனவரியில் கட்டணத்தைக் கடுமையாக ஏற்றினார்கள், மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பத்து நாளுக்குள் கொஞ்சம் குறைத்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஆட்சிக்கும் அந்தப் பக்கம் கை போகவில்லை. டீசல் விலை, சம்பளம் எல்லாம் ஏறும்போது டிக்கெட் மட்டும் நின்றால் கழகம் கடனில்தான் ஓடும். ஆனால் ஏற்றினால் முதலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் ஷேர் ஆட்டோவுக்குப் போவார், அல்லது வட்டிக்கு ஒரு பைக் வாங்குவார். பைக் வாங்கியவர் திரும்ப பஸ்ஸுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு, மாநில அரசு கொடுப்பது. 2021 மே 7-ஆம் தேதி பதவியேற்ற அன்றே மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் ஐந்து ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்பது. பிறகு அதற்கு 'விடியல் பயணம்' என்று பெயர் வைத்தார்கள். 2022-23-இல் அதற்கான ஒதுக்கீடு 1,520 கோடி, 2025-26-இல் 3,600 கோடி. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வைக் காட்டி அரசு சொல்கிறது. இதை 'ஓசி பயணம்' என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. வீட்டு வரியில் 187 ரூபாய் ஏறிய கோபத்தில் அதே கிண்டலை எங்கள் கூட்டத்திலும் ஒருவர் செய்தார். கடைசி வரிசை அக்கா தரையைப் பார்த்துக்கொண்டார். எனக்கு அப்போது வாய் வரவில்லை, இப்போது எழுதுகிறேன்: அந்த 888 ரூபாய் இல்லையென்றால் உங்கள் வீட்டுச் சமையலுக்கு அவர் கேட்கும் சம்பளம் கூடியிருக்கும். பாதுகாப்புக்கும் இது செலவுதான். பத்துப் பெண்கள் சேர்ந்து ஏறி இறங்கும் பஸ் ஸ்டாப்பில் ஒன்பது மணிக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும்.

இந்த வழியின் குறையும் சொல்ல வேண்டும். அரசு கொடுப்பது ஏறியவர்களுக்கான ஈடு, நடைகளைக் கூட்டுவதற்கான பணம் அல்ல. இலவசம் என்று போர்டு வைத்துவிட்டு வண்டி குறைவாக இருந்தால் அந்தச் சலுகை படிக்கட்டில் தொங்கும்.

மூன்று, ஊரே கொடுப்பது. சொத்து வரியோடு பஸ்ஸுக்கென்று ஒரு மேல்வரி. கேட்கப் புதிதாக இருக்கும், ஆனால் உங்கள் வரியில் ஏற்கனவே ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று போகிறது. எத்தனை பேர் கவனித்திருப்போம்? சட்டத்தில் வழி செய்தால் போக்குவரத்துக்கும் இப்படி ஒரு பத்துக் காசு போடலாம். மும்பையில் பெஸ்ட் பஸ் மாநகராட்சியின் கீழ்தான் ஓடுகிறது. 2019 ஜூலையில் மாநகராட்சி பலத்தில் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயாகக் குறைத்தார்கள், கூட்டம் திரும்பி வந்தது. 2025 மே மாதம் பணம் இறுகியதும் அதே 5 ரூபாய் 10 ஆனது. ஊர்ப் பையில் பஸ்ஸைக் கட்டினால், பை மெலியும்போது பஸ்ஸும் மெலியும். ஆசியாவின் பணக்கார மாநகராட்சிகளில் ஒன்றுக்கே இந்தக் கதி என்றால் நம்முடையதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மேல்வரியை விடப் பிடித்தது வேறொன்று: சம்பாதிப்பவர்களிடம் மாநகராட்சி வாங்கும் தொழில் வரி. அரையாண்டுக்கு 75,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் எல்லாருக்கும் ஒரே தொகை, 1,250 ரூபாய். மாதம் 13,000 வாங்கும் காவலாளியும் 3 லட்சம் வாங்கும் மேலாளரும் சமமாகக் கட்டுகிறார்கள். காரணம், ஆண்டுக்கு 2,500-க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276-வது பிரிவில் உச்சவரம்பு இருக்கிறது. அதை வைத்தது 1988-இல். அன்றிலிருந்து தொடவே இல்லை. வீட்டு வரியை இருபத்து நான்கு ஆண்டு ஏற்றவில்லை என்று மாநகராட்சியைக் கண்டித்து நிபந்தனை போடும் டெல்லி, தன் கையில் இருக்கும் இந்தப் பூட்டை முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகத் திறக்கவில்லை. பாரிஸ் வட்டாரத்தில் 1971-லிருந்து நிறுவனங்களிடம் சம்பளக் கணக்கில் போக்குவரத்து வரி வாங்குகிறார்கள். ஊழியர் வேலைக்கு வந்து சேர்வதால் ஆதாயம் நிறுவனத்துக்கும்தானே என்பது வாதம். ஐ.டி. நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு இதை விடப் பொருத்தமான வரி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இது நாடாளுமன்றத்தில் நடக்க வேண்டிய வேலை, கல்யாண மண்டபத்தில் இல்லை.

ஆகவே மிச்சம் இருப்பது லைட்டு. அதைச் சின்னக் கோரிக்கை என்று நினைத்துத்தான் கவுன்சிலர் கடைசியில் எழுதினார். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அது மாநகராட்சியின் சொந்த வேலை, சொந்தப் பணம், சொந்த ஆள். கோட்டைக்கும் டெல்லிக்கும் போக வேண்டாம். அன்று சாயங்காலம் ஏழரைக்கு எங்கள் தெரு முனையிலிருந்து நிறுத்தம் வரை நடந்து எண்ணிப் பார்த்தேன். 340 காலடி எடுத்து வைத்தேன். அதில் மூன்று கம்பம், இரண்டில் வெளிச்சம். மூன்றாவது கம்பத்தின் மேல் வேப்பமரக் கிளை மூடியிருக்கிறது. விளக்கு எரிகிறது, ஆனால் இலைக்கு மட்டும். நடைபாதையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு அப்புறம் உடைந்த ஸ்லாப், அங்கே எல்லாரும் சாலையில் இறங்கித்தான் நடக்கிறார்கள். கிளையை வெட்டுவதற்கும் ஒரு ஸ்லாப் போடுவதற்கும் எந்த நிதிக்குழுவும் வர வேண்டாம். வங்கிக்காரர் கேட்ட பாதுகாப்பில் பாதி இந்த 340 காலடியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு மனு எழுதினேன். விளக்கும் ஸ்லாப்பும் ஒரு தாளில், கவுன்சிலருக்கு, கம்பத்தின் எண்ணோடு. ராத்திரி நடை இன்னொரு தாளில், சட்டமன்ற உறுப்பினருக்கும் கழகத்தின் கிளை மேலாளருக்கும், வழித்தட எண்ணும் நேரமும் போட்டு. முதல் தாளில் 61 கையெழுத்து விழுந்தது. இரண்டாவதில் 38, அதில் பாதி எங்கள் அடுக்ககத்தில் வேலை செய்கிறவர்களுடையது. செயலாளர் இரண்டிலும் போட்டார், கேமரா வசூல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. வங்கிக்காரர் முதல் தாளில் போட்டுவிட்டு இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் பஸ்ல போறதில்லையே தம்பி."

"உங்க வீட்டுச் சமையல் அக்கா போறாங்க சார்."

பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதும்போதே, அரையாண்டு வரியை முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு, இந்த முறை விட்டுவிடாதே என்று எனக்கு நினைவுபடுத்தினார்.